அம்மாவின் துணியில் சித்தி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் ஒரே பேச்சுதான். அலமாரியைக் காலி பண்ணுகிறோம், பிள்ளைகள் தலையில் குப்பையைக் கட்டிவிட்டுப் போகக் கூடாது என்கிறோம். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. போன வாரம் என் மகளும் கைபேசியை என் மூக்கருகே நீட்டினாள். அதில் ஒரு பெண் வெள்ளைச் சட்டையையும் கறுப்புக் கால்சட்டையையும் தூக்கிக் காட்டி, கொஞ்சம் துணி போதும், நல்ல துணியாக இருக்கட்டும், ஒன்றோடொன்று சேரட்டும் என்று புது வேதம் ஓதிக்கொண்டிருந்தாள். "நீங்களும் இப்படிப் பண்ணுங்கம்மா, லைஃப் ஈசியா இருக்கும்லா" என்றாள் மகள்.

என் அலமாரிக் கதவு மூடாது. உள்ளே இருப்பதில் பாதி மட்டமான துணி. ஒன்றுக்கொன்று ஒட்டாத நிறங்கள். அப்படியேதான் வைத்திருப்பேன். எல்லாவற்றோடும் சேர்கிற நல்ல துணி எந்த உடம்போடும் சேர்ந்துவிடும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டவள் நான். அதைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் ஜாலான் புசார் பக்கம் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. அம்மா நகரத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். நான் தொடக்கப்பள்ளியில் சேர்ந்த புதிது.

அம்மாவின் துணிகளை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கெட்டிப் பருத்தியில் காலர் வைத்த வெள்ளைச் சட்டை. முழங்காலுக்குக் கீழே இறங்கும் கறுப்புப் பாவாடை. அலுவலகக் குளிருக்குக் கருநீலக் கம்பளிச் சட்டை. சாம்பல் நிற வாயில் சேலை ஒன்று, விசேஷத்துக்குச் சந்தன நிறப் பட்டு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கறுப்பு ரவிக்கை. வெளியே போவதற்கு அவ்வளவுதான். கம்பளிச் சட்டை எல்லாவற்றின் மேலும் ஏறும். எதை எதனோடு போட்டாலும் சேரும். "கொஞ்சமா வாங்கு, நல்லதா வாங்கு" என்பாள். துணிக்கடையில் துணியை விரல் நடுவே வைத்துக் கசக்குவாள், வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், பிடிக்காவிட்டால் எழுந்து நடந்துவிடுவாள். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பதை நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவேன்.

உறவுக்காரர்கள் கேலி பண்ணாத நாளில்லை. எந்தக் கல்யாணமானாலும் அதே சந்தனப் பட்டு. எங்கள் ஆல்பத்தைப் புரட்டினால் பெண்ணும் மாப்பிள்ளையும் மாறுவார்கள், என் உயரம் மாறும், அம்மா மட்டும் மாறமாட்டாள். எல்லாக் கல்யாணமும் ஒரே நாளில் நடந்ததுபோல அதே சேலையில் அதே இடத்தில் நிற்பாள். அப்போது நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அவள் போன பிறகு அந்த ஆல்பத்தைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னை எதிர்வீட்டு மக்சிக்கிடம் விட்டார்கள். மலாய்க்கார அம்மாள்; எங்கள் மாடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மக்சிக்தான். சில நாள் அவர் வீட்டில் தேங்காய்ச் சோறு தின்று, அவர் பூனையோடு விளையாடினேன். திரும்பி வந்தபோது கூடத்தில் அம்மாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. சந்தனப் பட்டில் எடுத்த படம். "அம்மா சாமிகிட்டப் போயிருக்காங்க" என்றார் அத்தை. அப்பாவின் அக்கா அவர், தீவின் வடக்கே மார்சிலிங்கில் இருந்தார். செத்துப்போய்விட்டாள் என்ற சொல்லை என் முன்னால் ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளை மனசு தாங்காது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

நான் நேரே போய் அலமாரியைத் திறந்தேன். கம்பளிச் சட்டை, வெள்ளைச் சட்டை, பாவாடை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. பாச்சை உருண்டை வாசனையும் அதற்கடியில் அம்மாவின் பவுடர் வாசனையும் வந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. துணியை விட்டுவிட்டு யாராவது ஒரேயடியாகப் போவார்களா? நான் அழவே இல்லை. எவ்வளவு சமத்து பாருங்கள் என்று வந்தவர்கள் எல்லாம் என் தலையைத் தடவினார்கள்.

இறந்தவர்களின் துணியை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லை. காரியம் முடிந்ததும் கழித்துவிட வேண்டும். அத்தையும் அதற்காகத்தான் பெரிய பிளாஸ்டிக் பையோடு அலமாரி முன்னால் உட்கார்ந்தார். வீட்டில் உடுத்தும் துணிகள் மளமளவென்று பைக்குள் போயின. கம்பளிச் சட்டையை எடுத்ததும் கை நின்றுவிட்டது. தடவினார், திருப்பிப் பார்த்தார், கன்னத்தில் வைத்துக்கொண்டார். "இவ்ளோ நல்ல துணியை எப்படித் தூக்கிப் போடுறது, மனசே வரலைலா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, நல்லதை எல்லாம் திரும்ப மாட்டி வைத்தார். மட்டமான துணியாக இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து எல்லைக்கு அப்பால் ஈப்போவிலிருந்து ரயிலில் சித்தி வந்து இறங்கினாள். அம்மாவின் தங்கை. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வரவழைத்திருந்தார்கள். கிளிப்பச்சைக் கவுன், ஆரஞ்சு வளையல், காதில் பிளாஸ்டிக் வளையம். பெட்டியைத் திறந்தால் கண் கூசும். எதுவும் எதனோடும் சேராது. அவள் சிரித்தால் மின்தூக்கி வரைக்கும் கேட்கும்.

"கொஞ்ச நாளைக்குத்தான் பாப்பா இருப்பேன். அப்புறம் நர்சு படிக்கப் போயிருவேன். எடம் கெடச்சிருச்சு தெரியுமா!" என்று வந்த அன்றைக்கே என்னைத் தூக்கிச் சுற்றினாள். அந்தப் படிப்புக்கு அவள் பட்ட பாடு எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மட்டும் பார்த்தேன்.

அத்தையின் மனக்கணக்கு வேறு. அக்கா போனால் தங்கையைக் கட்டி வைப்பது நம்மவர்களிடம் அதிசயம் இல்லை, உங்களுக்கே தெரியும். பிள்ளைக்கு மாற்றாந்தாய்க் கொடுமை இருக்காது, வெளியில் பெண் தேட வேண்டாம். எல்லோருக்கும் நல்லது என்று அத்தை மனதார நம்பினார். கெட்டவர் என்று அவரை என்னால் இன்றும் சொல்ல முடியாது. சித்தியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் வீட்டுக்கு அவள் பழக வேண்டும், அவளுக்கு வீடு பழக வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

"துக்க வீட்ல இந்தக் கலரெல்லாம் நல்லா இல்லைம்மா, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்று அத்தை சித்தியின் பெட்டியை மூடி அலமாரியின் மேலே ஏற்றி வைத்தார். பிறகு கருநீலக் கம்பளிச் சட்டையை எடுத்து நீட்டினார். "இதப் போட்டுக்க. பஸ்ல ஏர்கான் குளிரும். சும்மாதானே தொங்குது."

சித்தி தயங்கினாள். "அக்காவோடதாச்சே" என்றாள். தயக்கத்தோடுதான் கையை நுழைத்தாள். தோள் தோளோடு உட்கார்ந்தது. கை நீளம் மணிக்கட்டில் வந்து நின்றது. ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அத்தை இரண்டடி பின்னால் நகர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக இறங்கியது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, ஒரு வெள்ளிக்கிழமை சாம்பல் சேலை. கொஞ்சம் துணிதான். ஆனாலும் மாற்றி மாற்றிப் போட்டதில் நான் பார்த்திருந்த எல்லா அம்மாவும் திரும்பி வந்தார்கள். அலுவலகம் போகும் அம்மா வந்தாள், கோயிலுக்குப் போகும் அம்மா வந்தாள், மழை நாளில் பள்ளி வாசலில் நிற்கும் அம்மா வந்தாள். முகத்தைப் பார்க்காதவரை எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதனால் நான் சித்தியின் பின்னாலேயே நடக்கக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் சமையலறை சன்னலுக்கு வெளியே துணி காயப்போட மூங்கில் கழி செருகும் ஓட்டை இருக்கும். நீங்களும் அப்படிக் கழி தூக்கிக் கை கடுத்தவர்கள்தானே. ஒரு மத்தியானம் சித்தி துணியைக் கழியில் கோத்து வெளியே நீட்டினாள். கழி வெள்ளைச் சட்டையின் இரண்டு கைக்குள்ளும் புகுந்திருந்தது. பாவாடை அதை ஒட்டித் தொங்கியது. காற்றே இல்லை. மற்ற வீட்டுத் துணியெல்லாம் அசையாமல் கிடந்தது. அம்மாவின் சட்டை மட்டும் மெதுவாகத் திரும்பி, முன்பக்கத்தை எங்கள் சன்னலுக்குக் காட்டியது. அதே நேரம் கீழே ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. சந்தையிலிருந்து வந்த மக்சிக் அண்ணாந்து பார்த்தபடி நின்றார், காலடியில் முட்டைகள். அன்றைக்கு மேலே வந்தவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பூனைகூட எங்கள் வாசலைத் தாண்டாது.

தேக்கா சந்தையில் நடந்ததை நினைத்தால் இன்றும் என் கை மயிர் சிலிர்க்கிறது. அம்மா வழக்கமாகக் கீரை வாங்கும் கடை. விற்கிறவருக்குக் கண் அவ்வளவு தெரியாது. சித்தி கம்பளிச் சட்டையில் போய் நின்றாள்.

"என்னம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்றார் அவர்.

நான் சித்தியின் விரலைப் பிடித்திருந்தேன். அது சில்லென்று ஆனது. பிறகு சொன்னாள்: "கொஞ்சம் ஒடம்பு சரியில்லண்ணே. இப்பப் பரவால்ல."

"ஆமா, மெலிஞ்சிட்டீங்க. அந்த இருமல் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவர் அம்மா வாங்கும் அதே கீரைகளைக் கட்டிக் கொடுத்தார். சித்தி வாங்கிக்கொண்டாள். எங்கே போனாலும் அக்கா இறந்ததைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கும். இப்போது யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு. பதில் சொன்னது சித்தி இல்லை என்று நினைத்தேன்.

வரும் வழியில் கடைவாசல்களை ஒட்டி ஓடும் ஐந்தடிப் பாதையில், பூக்கடைக்கும் பொற்கொல்லர் கடைக்கும் நடுவே, அவள் கம்பளிச் சட்டைப் பையில் கையை விட்டாள். ஒரு இருமல் மிட்டாய் வந்தது. காகிதம் துணியோடு ஒட்டிப்போயிருந்தது. "அது அம்மாவோடது" என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்த வாரமே அவளுக்கு இருமல் வந்தது. பேசத் தொடங்குமுன் தொண்டைக்குள் சின்னதாக ஒரு செருமல், அம்மாவுடையதைப் போலவே. பாச்சை உருண்டை நெடி என்று அத்தை சொன்னார். இருக்கலாம்.

அவளுடைய சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கவனித்தபோது இல்லாமல் போயிருந்தது. நர்சுப் படிப்பைப் பற்றிப் பேசுவதையும் விட்டிருந்தாள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது அலமாரிக் கண்ணாடி முன்னால் வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். "பாப்பா, நான் இங்க வரும்போது எப்படி இருந்தேன்?" என்று கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள். நான் நினைத்து நினைத்துப் பார்த்தேன். சத்தியமாக எனக்கு நினைவு வரவில்லை.

அப்பாவும் தப்பவில்லை. வேலை முடிந்து வந்தவர், அடுப்பு முன்னால் சாம்பல் சேலையில் திரும்பி நின்ற உருவத்தைப் பார்த்து, "ஏம்மா, கொஞ்சம் தண்ணி தா" என்றார். அம்மாவைக் கூப்பிடும் அதே குரல். சித்தி டம்ளரோடு திரும்பினாள். அப்பா அதை வாங்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிக் கீழே போய்விட்டார். இந்த விஷயம் காதுக்கு எட்டியதும் அத்தை நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்.

எங்கள் வீட்டில் கல்யாணம் போன்ற நல்ல காரியத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். பூவோடும் பொட்டோடும் போன பெண்தான் பூவாடைக்காரி. அவளுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிட்டு, அந்தச் சேலையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். போனவள் அந்தத் துணியில் வந்து உத்தரவு கொடுப்பாள் என்பது நம்பிக்கை. வைக்க வேண்டியது புதுத்துணி. அத்தை அங்கேதான் தப்புப் பண்ணினார். "அவ என்னிக்குப் புதுசுக்கு ஆசப்பட்டா? அவளோட பட்டையே வச்சுப் படைப்போம். அவளுக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தது" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

என்னிடம் அத்தை சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கெழம அம்மா வீட்டுக்கு வருவாங்க." எனக்கு வேறு என்ன வேண்டும்? பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல், வெயில் கூடத்துக்குள் பாதி வந்திருந்தது. வாழையிலையில் சோறும் வடையும் பாயசமும். மணைமேல் சந்தனப் பட்டு, மடிப்பின் மேல் மல்லிகைச் சரம். சாம்பிராணிப் புகை போகவழி இல்லாமல் தாழ்வாகச் சுற்றியது. கும்பிட்டு முடிந்ததும் அத்தை பட்டை எடுத்துச் சித்தி கையில் கொடுத்தார். சித்தி உள்ளே போனாள். கதவு வெகுநேரம் சாத்தியே இருந்தது. செருமல் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்தவள் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். படத்தில் இருந்த அதே சேலை, அதே கறுப்பு ரவிக்கை, தலையில் அதே இடத்தில் பூ. படத்திலிருந்து ஒருத்தி இறங்கி நிற்பதைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "பிள்ள வாக்குத்தான் அவ வாக்கு. நல்லாப் பாத்துச் சொல்லும்மா. யார் வந்திருக்கா?"

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சித்தியின் கல்யாணம் நிச்சயமாகிவிடும், ஈப்போவில் அவளுக்காகக் காத்திருந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அம்மா என்று சொன்னால் அம்மா இருப்பாள் என்பது மட்டும் தெரியும். அந்தச் சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. கிட்டே போய், அவள் அம்மாவின் துணியைப் போடத் தொடங்கிய பிறகு முதல்முறையாக, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் கண் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னப் பிள்ளையிடம் பெரியவர்கள் அப்படிக் கெஞ்சி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அம்மா என்னிடம் எதற்கும் கெஞ்சியதே கிடையாது. அதட்டுவாள், கொஞ்சுவாள், கெஞ்சமாட்டாள்.

"சித்தி" என்றேன்.

"நல்லாப் பாரு பாப்பா" என்றார் அத்தை. அவருடைய விரல் என் தோளில் அழுந்தியது.

"சித்திதான் நிக்கிறாங்க."

சொன்னதும் அந்தப் பட்டின் கொசுவம், யாரும் தொடாமல், இடுப்பிலிருந்து பாதம் வரை லேசாகத் தொய்ந்தது. அதுவரை அளவெடுத்ததுபோல் இருந்த ரவிக்கை தோளில் பெரிதாகத் தெரிந்தது. சித்தி பயத்தில் மூச்சை அடக்கி நின்று அப்போதுதான் விட்டிருப்பாள் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். பக்கத்தில் நின்றவள் நான். அந்தத் துணியிலிருந்து ஓர் ஆள் போனதை நான் பார்த்தேன்.

"போதும்க்கா" என்றார் அப்பா. "அந்தப் பிள்ளைய அது ஊருக்கு அனுப்பி வச்சிருவோம். படிக்கட்டும்." அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, இலையை எடுக்க உட்கார்ந்தார். பிள்ளை வாக்கை மீற அவருக்கும் துணிச்சல் இல்லை.

சித்தி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பட்டு என் கன்னத்தில் உரசியது. அவ்வளவு நல்ல பட்டு. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. இத்தனை நாளும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லாதது.

"அப்ப, அம்மா எப்ப வருவாங்க?"

கூடத்தில் இருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக வேறெங்கோ பார்த்தார்கள். சித்தி மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமாமல், தன் சொந்தக் குரலில், என் காதருகே குனிந்து சொன்னாள்.

"வரமாட்டாங்க பாப்பா. அம்மா செத்துப்போயிட்டாங்க."

அம்மாவின் சேலைக்குள்ளிருந்து வந்ததால் அதை நான் நம்பினேன். அந்தச் சேலையைக் கையில் கிடைத்த மட்டும் கசக்கிப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் அம்மாவுக்காக முதல்முதலில் அழுதேன்.